கண்ணு வீங்கினா சொட்டு மருந்தோட நிறுத்தாதீங்க

எங்க தோட்டங்கள்ல கண்ணு சிவந்தா அதுக்குப் பேரு ஒன்னுதான்: கண்நோய். டிஸ்பென்சரியில சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டு, மறுநாள் மலைக்குப் போயிடுவாங்க. பேர் விழுந்தாதானே சம்பளம்? பெரும்பாலும் ஒரு கிழமையில சரியாவும் போயிடும்.

பசறைப் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தருக்கு அப்படிச் சரியாகவில்லை. மூக்கோரம் வந்த கொப்புளத்தை நகத்தால் கிள்ளியிருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. இமை வீங்கி, கண்முழி முன்னால் தள்ளியது. கிடைத்தது பெனடோலும் சொட்டு மருந்தும்தான். மற்றக் கண்ணும் வீங்கிய பிறகே ஆட்டோ பிடித்துப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். "கண்ணுக்குப் பின்னால ரத்தம் கட்டிருக்காம்" என்று போனில் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தேடிப் படித்தோம்.

மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள நாளங்கள் கண்குழி வழியாக, மூளைக்கு அடியில் இருக்கும் ஓர் இரத்தக் குகையோடு தொடர்புடையவை. கண்ணை அசைக்கும் நரம்புகள் அந்தக் குகை வழியாகத்தான் போகின்றன. கொப்புளத்துக் கிருமி அங்கே போய்ச் சேர்ந்தால் இரத்தம் உறையும், கண் வீங்கும், பார்வை இரண்டாகத் தெரியும். அன்டிபயோட்டிக் வருவதற்கு முந்திய காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு.

தொடை இடுக்கு நாளத்தில் மெல்லிய குழாயை நுழைத்து, கழுத்து வழியாக ஏற்றி, கட்டியை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. வாசித்தபோது மலைத்துப் போனோம். கொழும்பில் பிறந்திருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமோ என்ற பழைய வேதனையும் வந்தது.

ஆனால் 2020இல் வெளியான டோ-ஆக்ட் ஆய்வு வேறு கதை சொல்கிறது. மூளை நாளங்களில் இரத்தம் உறைந்து கடுமையாகப் பாதிக்கப்பட்ட 67 பேரில், குழாய்ச் சிகிச்சையும் பெற்றவர்கள் மருந்து மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை. அதனால் முதலில் கொடுப்பது ஹெப்பரின் ஊசிதான். கிருமியால் வந்ததென்றால் அன்டிபயோட்டிக் உடனே ஏற வேண்டும். குழாய், ஊசி போட்டும் மோசமாகிறவர்களுக்கு யோசிக்கும் வழி.

அப்படியென்றால் எங்க ஆளுங்களுக்குப் பறிபோவது கொழும்பு மெஷின் இல்லை, முதல் ரெண்டு நாள். அக்கா பிழைத்துவிட்டார். ஆனால் இன்னும் ஒரு கொழுந்து ரெண்டாத் தெரிகிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எத்தனை கிலோ பறிக்க முடியும்?

கண் வீக்கத்தோடு காய்ச்சல், கடும் தலைவலி, முழி தள்ளல், ரெண்டாத் தெரிதல் இருந்தால் காத்திருக்காதீங்க. பிள்ளை பெத்த சில வாரங்களில் விடாத தலைவலி வந்தாலும் அப்படித்தான். 1990க்கு அடிங்க, அம்புலன்ஸுக்குக் காசில்லை. மூக்குக் கொப்புளத்தைக் கிள்ளாதீங்க. டிஸ்பென்சரி சுவரில் இந்த நாலு வரியைத் தமிழில் ஒட்டச் சொல்லிக் கேட்போம். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கும் பேர் போடச் சொல்லிக் கேட்போம். அந்தப் பேருக்குப் பயந்துதான் எங்க அம்மாமார் வலியோட மலை ஏறுறாங்க.