அஞ்சு எம்எம் தகடு

2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு கவரைப்பேட்டையில் மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகப் பச்சை விளக்கு விழுந்திருந்தது. வண்டி பக்கத்து லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. உயிர் போகவில்லை. மறுநாள் திருப்பூரில் ஒரு நண்பரின் பனியன் செக்கிங் யூனிட்டில் உட்கார்ந்திருந்தேன். "பச்சை விழுந்த பிறகும் வண்டி எப்படி வேறு தடத்தில் போகும்?" என்று கேட்டேன். நண்பருக்குத் தெரியவில்லை. "எங்க பக்கத்து வீட்டு அண்ணன் சிக்னல்லதான் இருக்காருங்க. அவருகிட்டக் கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். வாயால் சொன்னால் விளங்காது, தடத்துக்கு வந்து பாருங்கள் என்றார் அவர். கூட நடக்க அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. ஈரோட்டுக்கும் இருகூருக்கும் இடையில் ஒரு சிறு நிலையம் என்பதற்கு மேல் இடத்தைச் சொல்ல வேண்டாம் என்றார்கள். அவருடைய பெயரும் வேண்டாம் என்றார்கள். இரண்டையும் எழுதவில்லை.

காலை வண்டியில் போனேன். சோமனூரிலும் வஞ்சிபாளையத்திலும் ஏறியவர்களின் கைகளில் சோற்றுத்தூக்கும் தோளில் துப்பட்டாவும். ஓவர்லாக் அடிப்பவர்கள், கைமடிக்கிறவர்கள், அயர்ன்காரர்கள். எட்டரை மணிக்கு மிஷினில் உட்காராவிட்டால் ஷிப்டில் கால் பங்கு போய்விடும் என்று ஒரு பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 2024-25இல் ஏறக்குறைய 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். அந்த ஊருக்கு ஆள் கொண்டுவருவது இந்தத் தடம்தான். மதராஸிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் வரை போடப்பட்ட பாதை 1862இல் முழுமையடைந்தபோது இங்கே பனியன் கம்பெனி எதுவும் கிடையாது. இன்று ஜார்க்கண்டிலிருந்து தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வருகிறவரும் இதே தண்டவாளத்தில்தான் வந்து இறங்குகிறார்.

அண்ணன் நிலைய முகப்பில் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு. ஆரஞ்சு நிற மேல்சட்டை, தோளில் கருவிப்பை. "வாங்க கண்ணு, சாப்டீங்களா?" என்றவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் என் செருப்பைப் பார்த்தார். "ஷூ போட்டுட்டு வந்திருக்கோணும். ஜல்லியில கால் பெரளும்." அதன் பிறகு நாள் முழுக்க நான் எங்கே கால் வைக்கிறேன் என்பதில் ஒரு கண் வைத்திருந்தார்.

தடம் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முதலில் கூட்டிப் போனார். பாயிண்ட் என்பது அதுதான். அசையாமல் கிடக்கும் தண்டவாளம் ஸ்டாக் ரெயில். அதன் பக்கவாட்டில் கத்திபோலக் கூர்ந்து வந்து ஒட்டுவதும் விலகுவதுமாக இருப்பது டங் ரெயில். எந்தப் பக்கத்து டங் ஒட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து வண்டி நேரே போகும், அல்லது திரும்பும். அருகில் சாம்பல் நிறப் பெட்டிக்குள் இருக்கும் மோட்டார் டங்கைத் தள்ளுகிறது, ஒட்டியதும் பூட்டுகிறது, பூட்டியாயிற்று என்று நிலையத்துக்குத் தெரிவிக்கிறது. அந்தத் தகவல் போனால்தான் சிக்னல் பச்சைக்கு வரும்.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். உதவியாளர் இளைஞர், டங் சறுக்கி நகரும் இரும்புத் தட்டுகளை கந்தல்களால் துடைத்தார். வெள்ளையும் நீலமுமாகப் பனியன் வேஸ்ட். திருப்பூரின் வெட்டுத் துணி திருப்பூர் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்து முடித்ததும் அந்தத் துணிகளை எண்ணி வாங்கிப் பைக்குள் வைத்தார் அண்ணன். ஏன் எண்ண வேண்டும் என்பது மத்தியானம்தான் எனக்கு விளங்கியது.

அடுத்து மேல்சட்டைப் பையிலிருந்து ஓர் இரும்புத் தகட்டை எடுத்தார். பிடி வைத்த சின்னத் துண்டு. கனம் ஐந்து மில்லிமீட்டர். விளிம்புகள் தேய்ந்து மினுங்கின. "இதாங்க என்ற ஆயுதம்" என்றார்.

டங்கின் கூர்முனையிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, அதற்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவில் தகட்டைப் பிடித்தார். மோட்டார் ஓடியது. டங் வந்து தகட்டில் முட்டி நின்றது. மோட்டார் நிற்கவில்லை. உள்ளே கிளட்ச் வழுக்க, கர்ரென்று வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு விரலை உயர்த்தி, கேளுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். "பூட்டலை பாருங்க. பூட்டக் கூடாது. பூட்டிட்டேன்னு மேல சேதி போகவும் கூடாது. அஞ்சு எம்எம் சந்து இருந்தாச் சக்கரத்தோட வெளிம்பு அதுக்குள்ள பூந்துரும். பூந்துச்சுன்னா முன் சக்கரம் ஒரு தடம், பின் சக்கரம் ஒரு தடம்."

தகட்டை எடுத்ததும் டங் ஒட்டியது, டக்கென்று பூட்டு விழுந்தது. எதிர்ப்பக்க டங்கிலும் இதையே செய்தார். பிறகு முதல் பக்கத்தில் மறுபடியும். ஒரு முறை பார்த்தது போதாதா என்றேன். "போதும்னு யாருங்க சொல்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துக் கேட்பவர்போலக் கேட்டார்.

இந்தச் சோதனைக்கு முன் ஒரு காகித வேலை உண்டு. டிஸ்கனெக்‌ஷன் மெமோ. "இந்தப் பாயிண்டை நான் கழற்றுகிறேன், இனி இதை நம்பாதீர்கள்" என்று நிலைய மேலாளரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடித்து, சோதித்து, ரீகனெக்‌ஷன் மெமோ கொடுக்கும்வரை அந்தப் பாயிண்டைச் சிக்னலை நம்பி வண்டி கடக்கக் கூடாது. மேலாளருக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோலிலிருந்து போன்மேல் போன். பின்னால் வண்டி நிற்கிறது, வண்டிக்குள் எட்டரை மணி ஷிப்டுக்காரர்கள் நிற்கிறார்கள். "எப்பங்க முடியும்?" என்று எல்லோரும் கேட்பது இந்த மனிதரின் கையெழுத்தைத்தான்.

ஷிப்மென்ட் தேதி என்ற சொல்லைக் கேட்டாலே அலறும் ஊரில் வளர்ந்தவன் நான். கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும் என்றால் செக்கிங் மேசையில் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தையல் பிரிந்தால் வாங்குகிறவன் டிஸ்கவுன்ட் கேட்பான், அவ்வளவுதான். இங்கே கண்ணை மூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பாஹாநகா பஜார் இருக்கிறது. 2023 ஜூன் 2ஆம் தேதி சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பச்சை விளக்கை நம்பி ஒடிசாவின் அந்த நிலையத்துக்குள் நுழைந்து, லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை ஓட்டுநரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த நிலையத்தின் சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்தில் பிழை இருந்தது, லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் பிழை நடந்தது என்றது. 2022 மே மாதம், பாஹாநகா இருக்கும் அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்ரநயாபாஜ் நிலையத்தில் இதே மாதிரி தவறான வயரிங்கால் கோளாறு வந்தபோதே சரிசெய்திருந்தால் பாஹாநகா நடந்திருக்காது என்றும் எழுதியது. அதன் பிறகு, சிக்னல் சுற்றுகள் இருக்கும் ரிலே அறைகளுக்கு இரட்டைப் பூட்டு போடச் சொன்னார்கள். கோரமண்டலின் பொதுப்பெட்டியில் எப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று திருப்பூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் டையிங்கிலும் நிட்டிங்கிலும் வேலை செய்ய வருகிறவர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் தயிர்ச்சோறு. அண்ணன் தன் கதையைச் சொன்னார். அவிநாசிப் பக்கத்து நெசவுக் குடும்பம். தறி நின்றுபோனதும் அப்பா இவரைப் பதினோரு வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க அனுப்பினார். இரவில் வேலை, பகலில் பள்ளி. பத்தாவது தேறியதும் ரயில்வேயில் சிக்னல் கலாசியாகச் சேர்ந்தார். மண் தோண்டுவது, கேபிள் இழுப்பது, விளக்குக் கண்ணாடி துடைப்பது. அவருக்கு ஒரு மூத்தவர் வாய்த்தார். "என்ற குரு" என்றுதான் சொல்கிறார்.

"ஒரு ஐப்பசி ராத்திரிங்க. நல்ல மழை. பாயிண்டு ஒட்டுது, ஆனாப் பூட்ட மாட்டீங்குது. எக்ஸ்பிரஸ் அவுட்டர்ல நிக்குது. சேத்தைக் கழுவித் தொடச்சோம். பூட்டிருச்சு. நான் மெமோவ எடுத்து எழுதப் போனேன். அவரு பேனாவப் புடுங்கிக்கிட்டாரு. தகடு வெச்சியாடான்னாரு. இல்லீங்கன்னேன். வெச்சுப் பாத்தா, தகடு நடுவுல இருக்கறப்பவே பூட்டுதுங்க! உள்ள ஒரு போல்ட்டு தளந்து போயிருந்துச்சு. நாங்க தொடச்ச துணியில ஒரு கிழிசல் வேற டங்குக்கு அடியில சிக்கிக் கெடந்துச்சு. வண்டி இன்னும் முக்கா மணி நேரம் நின்னுது. அடுத்த நாள் அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்துச்சு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அந்தத் தகடுதானுங்க இது. ரிட்டையர் ஆவறப்ப என்ற கையில குடுத்துட்டுப் போனாரு."

துணியை எண்ணி வாங்கிய காரணம் அப்போது தெரிந்தது.

பாயிண்டும் சிக்னலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் அறையையும் காட்டினார்கள். குளிரூட்டிய அறை, அலமாரி அலமாரியாகப் பெட்டிகள், மினுக்கும் விளக்குகள். அதைப் பற்றி விரித்து எழுத எனக்கு எதுவும் இல்லை. கவச் வரும் என்று பேசிக்கொண்டார்கள். சிவப்பைத் தாண்ட முயலும் வண்டிக்குத் தானே பிரேக் போடும் அமைப்பு அது. 2020இல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது. முதலில் தென்மத்திய ரயில்வேயில் 1,465 கிலோமீட்டரில் போட்டார்கள். அதற்கு முன்பே, ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 19,000 கிலோமீட்டர் முக்கியத் தடங்களுக்கு ஐந்து ஆண்டுகளில் நவீன சிக்னல் வேண்டும் என்று எழுதியது 2012இல். கவச் வந்தால் இந்தத் தகடு ஓய்வு பெறுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "பாயிண்டு பூட்டிருச்சான்னு கவச்சுக்கு யாருங்க சொல்லோணும்?" என்றார்.

திரும்பும் வழியில், தடத்தை ஒட்டி ஒரு பள்ளம் நீளமாகப் போயிற்று. புது சிக்னல் கேபிளுக்கானது. பள்ளத்துக்குள் நாலைந்து பேர். அதில் ஒரு தம்பதி, கள்ளக்குறிச்சிப் பக்கம். அவர்களுடைய குழந்தை, கேபிள் சுற்றி வந்த பெரிய மர உருளையின் நிழலில் தூங்கியது. மீட்டர் கணக்குக்குக் கூலி. மேலே செம்மண், இரண்டடி போனால் சுக்காங்கல். "கல்லு வந்தா ஒரு நாளைக்கு ரெண்டு மீட்டர்கூட ஓடாதுங்க. கல்லுக்குத் தனி ரேட்டுன்னு மேஸ்திரி சொன்னாரு. தரலை" என்றார் அந்தப் பெண். யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்றால் மேஸ்திரி பெயர் தெரிகிறது. மேஸ்திரிக்கு மேல் ஒரு சப் கான்ட்ராக்டர், அவருக்கு மேல் ஒரு கம்பெனி. கம்பெனியின் பெயர் அவருக்குத் தெரியாது. கேபிள் உருளையில் எழுதியிருந்ததைக் காட்டினார். அது கேபிள் செய்தவர்களின் பெயர்.

எனக்கு ஆத்திரம் வந்தது, இப்போதும் இருக்கிறது. டெண்டரில் சுக்காங்கல்லுக்கு ஒரு ரேட் எழுதியிருப்பார்கள். அந்தப் பணம் மேலிருந்து கிளம்புகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை அதைக் கிள்ளுகிறது. மண்வெட்டி பிடித்த கைக்கு வந்து சேரும்போது கல்லும் மண்ணும் ஒரே விலை. திருப்பூரில் ஆர்டர் எடுத்தவர் ஜாப்ஒர்க்குக்கு விட்டு, ஜாப்ஒர்க்காரர் கான்ட்ராக்டருக்கு விட்டு, கடைசியில் பவர் டேபிளில் குனிந்திருக்கும் பெண்ணுக்குப் பீஸ் ரேட்டாக இறங்குகிறதே, அதே ஏணிதான் இது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலையின் உரிமையாளரே தர வேண்டும், கூலி பட்டுவாடா அவருடைய பிரதிநிதியின் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. இடையில் நிற்பவர்கள் இதைப் படித்துத் தெரிந்தவர்கள். தெரிந்தேதான் கிள்ளுகிறார்கள். கூலியைக் கிள்ளினால் ஆழமும் கிள்ளப்படும். ஒரு மீட்டர் போக வேண்டிய கேபிள் முக்கால் மீட்டரில் படுக்கும். பிறகு எவனோ மண் அள்ளும்போது மண்வெட்டி கேபிளில் விழும், சிக்னல் எல்லாம் சிவப்பாகும், எட்டரை மணி ஷிப்டுக்காரர்கள் அவுட்டரில் நின்றுகொண்டு ரயில்வேயைத் திட்டுவார்கள். அந்த மேஸ்திரி அதற்குள் வேறு பள்ளத்தில் வேறு தம்பதியை இறக்கியிருப்பான்.

அண்ணன் பள்ளத்தின் விளிம்பில் குந்தி, அளவுகோலை இறக்கிப் பார்த்தார். "இன்னும் ஒரு சாண் போகோணும் தங்கச்சி" என்றார் மெதுவாக. அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. அவர் கணவர் கடப்பாரையை எடுத்தார். அண்ணன் தன் தண்ணீர் பாட்டிலை விளிம்பில் வைத்துவிட்டு எழுந்தார். உங்களால் அந்தக் கம்பெனியிடம் சொல்ல முடியாதா என்று கேட்டேன். போன மாதமே எழுதிக் கொடுத்திருப்பதாகவும், நாளைக்கு மறுபடி எழுதப்போவதாகவும் சொன்னார்.

நாலரை மணி ஆகியிருந்தது. என் வண்டி ஐந்து மணிக்கு. விடைபெறும்போது தகட்டை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெயிலில் கிடந்த இரும்பு, கை சுட்டது. ஒரு பக்கத்தில் எழுத்துகள் வெட்டியிருந்தன. தேய்ந்து படிக்க முடியவில்லை. திருப்பி வாங்கிப் பையில் போட்டு, பொத்தானை மாட்டி, மேலே ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பாத்துப் போங்க கண்ணு. ஜல்லி மேல போகாதீங்க, அந்த ஓரமாப் போங்க. எனக்கு இன்னும் நாலு பாயிண்டு இருக்குது" என்றார்.