எப்போது என்னும் வினா

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்கு அருகில் இருந்தது எங்கள் வீடு. பின்னாளில் மாடி கட்டும் எண்ணத்தில், தூண்களின் இரும்புக் கம்பிகளைத் தளத்துக்கு மேலே நீட்டி விட்டிருந்தார் அப்பா. அக்காவின் திருமணத்தில் மாடிக்கான பணம் கரைந்தது. கம்பிகள் மட்டும் உப்புக்காற்றில் நின்றன.

அவ்வாண்டுதான் பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் படித்தேன். ஒரு வினை தானே நிகழுமா என்பதை நிகழ்த்திப் பாராமலே கணித்துவிடலாம் என்பது என்னை மயக்கியது. வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி மாற்றத்தை என்தால்பி மாற்றத்திலிருந்து கழித்தால் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம் கிடைக்கும். அது எதிர்க்குறி பெற்றால் வினை தன்னிச்சையானது. ஒரு மோல் இரும்பு ஆக்சைடு உருவாகையில் 824 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. வாயுவாய்த் திரிந்த ஆக்சிஜன் திண்மத்துள் அடங்குவதால் என்ட்ரோபி குறைகிறது; அதனால் ஏற்படும் இழப்பு அறை வெப்பநிலையில் 82 கிலோஜூல்தான். எஞ்சுவது எதிர்க்குறியுடன் 742.

"துருப்பிடிப்பது உறுதி, அப்பா" என்றேன் பெருமிதத்துடன்.

"அது எனக்கும் தெரியும். எப்போன்னு உன் கணக்கு சொல்லுமா?"

சொல்லாது. அது திசையைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. அதே கணக்கின்படி வைரமும் கிராஃபைட்டாக மாற வேண்டியதே. நகைக்கடைக்காரர் எவரும் அதற்காக உறக்கம் இழந்ததில்லை.

பின்னர்ச் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். நாள்தோறும் தொடர்வண்டி பரங்கிப்பேட்டையைக் கடக்கும். 1830ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் அங்கே இரும்பாலை நிறுவினார். சேலத்து இரும்புத்தாது அங்கு மரக்கரியால் உருக்கப்பட்டது. எங்கள் கம்பிகளில் நிகழ்வதற்கு நேர்மாறான வினை அது. கார்பன் இரும்பு ஆக்சைடை ஒடுக்குவதற்கு 468 கிலோஜூல் வெப்பம் தேவை. என்ட்ரோபியோ கெல்வினுக்கு 559 ஜூல் உயர்கிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 840 கெல்வின். அதற்குக் கீழே வினை தானே நிகழாது, மேலே நிகழும். விரைவுக்காகவும் உருக்குவதற்காகவும் உலையில் அதைவிட மிகுந்த வெப்பம் வேண்டும். கிப்ஸ் இக்கோட்பாட்டை வெளியிட்டது 1870களில்தான். பரங்கிப்பேட்டை உலைக்களத்தார் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அப்பாவும் காத்திருக்கவில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன் சிமென்ட் பாலைக் கரைத்துக் கம்பிகளுக்குப் பூசினார். 742 என்னும் எண் சிறிதும் மாறவில்லை. நீரும் காற்றும் இரும்பை அடையும் வழிதான் அடைபட்டது.

ஒன்பதாம் ஆண்டில் மாடி எழுப்பினோம். கொத்தனார் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தார். இரண்டைத் தவிர மற்றவை தேறின.