மேகத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனம்

சொந்த வீடு இல்லாதவர்க்கு வாடகை வீடு. சொந்தக் கணினி போதாதவர்க்கு வாடகைக் கணினி! இஃது இக்காலத்து விந்தை. இதை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

எங்கள் அம்மா ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே திருச்சி பெரியகடை வீதிக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறார். அக்காவுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே அவருக்குக் கணக்குப்பிள்ளை மேசை. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. விண்டோஸ் 11-ஐ அப்பழைய இயந்திரம் ஏற்கவில்லை. கணக்கு எழுதும் டாலி மென்பொருளோ விண்டோஸ் இல்லாமல் ஓடாது. புதுக்கணினி வாங்கப் பணமில்லை. வேலையை விட்டால் எங்கள் படிப்புச் செலவுக்கு வழியில்லை.

அப்போது எங்கள் கணினி ஆசிரியை மேகக் கணிமையைப் பற்றிச் சொன்னார். தரவு மையத்திலுள்ள பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்துப் பலருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சித்திரை வீதிப் பழைய வீடுகளில் கிணறும் முற்றமும் பொதுவாக, அடுப்பு மட்டும் தனித்தனியாகக் குடியிருப்பார்களே, அதே ஒண்டுக்குடித்தனம்! விண்டோஸ் அங்கே நம் அறையில் ஓடும். இங்கே லினக்ஸில் இயங்கும் நம் மடிக்கணினி அதன் திரையை மட்டும் காட்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் சென்னை, மும்பை, புனே நகரங்களில் இத்தகைய மையங்களைத் தொடங்கியது.

வாடகை என்றால் நிபந்தனையும் உண்டு. லினக்ஸ் அறையைவிட விண்டோஸ் அறைக்கு மணிக்கணக்கில் கட்டணம் கூடுதல். உரிமத்தொகையும் அதில் அடக்கம். ஆப்பிள் நிறுவனமோ தன் மேக் இயங்குதளம் தன்னுடைய கணினிகளில் மட்டுமே ஓடலாம் என்கிறது. ஆகவே அமேசான் 2020-இல் மேக் மினிக் கணினிகளையே மையத்தில் வைத்து வாடகைக்கு விட்டது. எடுத்தால் குறைந்தது 24 மணி நேர வாடகை.

திரையை மூடினால் மட்டும் வாடகை நிற்காது. அது ஆட்டோவை அனுப்பாமல் வாசலில் காக்க வைப்பதற்கு ஒப்பாகும். முறைப்படி நிறுத்திய பின்னும் சேமிப்பு வட்டுக்குச் சிறு தொகை உண்டு. ஆகவே இரவில் "அம்மா, நிறுத்தியாச்சா?" என்று கேட்பது எங்கள் பொறுப்பு.

சனிக்கிழமைதோறும் அம்மா கணக்கின் நகலைப் பென்டிரைவில் எடுத்து பீரோவில் வைக்கிறார். "வீடுதான் வாடகை கண்ணு, கணக்கு நம்ம கையில இருக்கணும்" என்பார்.

தோழியரே! வாடகைக்கு எடுப்பதில் இழிவில்லை. எது நம்முடையது, எது பிறருடையது என்பதை அறிந்து எடுப்போமாக!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு