யாராவது சொல்லுவார்கள்!

உங்கள் கைப்பேசியில் குடும்பக் குழு என்று ஒன்று இருக்கிறதல்லவா? விடியற்காலையில் பெரியப்பா ஒரு பிள்ளையார் படம் அனுப்புவார். பத்து மணிக்கு அத்தை, வெங்காயச் சாறு குடித்தால் சர்க்கரை வியாதி பறந்துவிடும் என்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு யாரோ ஒரு மைத்துனர், "அவசரம்! எல்லோருக்கும் அனுப்பவும்!" என்று ஒரு சமாசாரம் போடுவார். படித்த மாத்திரத்தில் அது சுத்தப் புளுகு என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன செய்கிறீர்கள்? உதட்டைச் சுழித்துவிட்டு, தோசை வார்க்கப் போய்விடுகிறீர்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வேலூர்ப் பக்கத்து மனிதர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

2018-ம் வருஷம் கோடைக் காலத்தில் அந்தப் பிரதேசம் முழுவதும் வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறதாம்! ஏப்ரல் மாதக் கடைசியில், குடியாத்தத்துக்கு அருகே ஹிந்தி பேசிய ஒரு வாலிபரை ஊரார் அடித்தே கொன்றார்கள். மே 9-ந் தேதி, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூர் அருகே இன்னொரு கொடுமை. கோயிலுக்குப் போக வேண்டிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தார் வழி கேட்க நின்றார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! கூட்டம் திரண்டது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரை விட்டார். உடன் வந்தவர்கள் குற்றுயிராகக் கிடந்தார்கள். பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஏதும் வரவில்லை. வந்தவை கைப்பேசிச் செய்திகள் மாத்திரமே.

அந்தச் செய்திகளை அன்று படித்த அத்தனை பேருமா நம்பினார்கள்? இதைத் தெரிந்துகொள்ள ஆம்பூருக்குப் போயிருந்தேன். காலை வேளையில் ஷூ கம்பெனி பஸ்கள் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வந்து நிற்பதைப் பார்த்தால், இந்தத் தோல் தொழில் எவ்வளவு தூரம் பெண்களின் கைகளை நம்பியிருக்கிறது என்பது விளங்கும். தையல் பிரிவில் வேலை செய்யும் மூன்று பெண்கள் என்னுடன் டீ குடித்தார்கள்.

"பொய்னு அப்பவே தெரியும்க்கா. எங்க ஊர்ல ஒரு புள்ளையும் காணாமப் போகலை. ஆனா போட்டவரு எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா. நேத்து வந்த மருமக, அவரு சொன்னதைப் பொய்ங்கிறதா?" என்றாள் முதலாமவள்.

"ஒருவேளை நெசமா இருந்துட்டா? நான் பொய்னு சொல்லி, நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா, அந்தப் பாவம் என் தலையில்ல விடியும்?" என்றாள் இரண்டாமவள்.

வயதில் மூத்த மூன்றாமவள் சிரித்தாள். "குரூப்புல முப்பது பேரு. படிச்ச பிள்ளைங்க இருக்குது, வாத்தியாரு இருக்காரு. அவங்க யாராவது சொல்லுவாங்கன்னு எல்லாருமே இருந்துட்டோம்."

மரியாதை, பயம், "யாராவது சொல்லுவார்கள்" என்ற நினைப்பு. நம் வாயைப் பூட்டுகிற பூட்டுகள் இந்த மூன்றும்தான்.

மூன்றாவது பூட்டைப் பற்றி 1968-ல் அமெரிக்காவில் லதானே, டார்லி என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் அறையில் ஒருவரை உட்கார வைத்து, ஏதோ படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொல்லிவிட்டு, சுவரிலுள்ள துவாரத்தின் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 100-க்கு 75 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர், முன்பே பேசி வைத்தபடி, புகையைக் கண்டும் காணாதது போல் உட்கார்ந்திருந்தபோதோ, பத்துப் பேரில் ஒருவர்தான் சொன்னார்! மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்களாம்.

நம் குடும்பக் குழுவும் அந்த அறை போன்றதுதான். நான் சும்மா இருப்பதைப் பார்த்து நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். நம் இருவரையும் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், "பெரியவர்கள் யாரும் மறுக்கவில்லையே, நிஜமாகத்தான் இருக்கும்" என்று முடிவு கட்டுகிறான். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு மட்டும் பொருந்துகிற வாக்கியமா, என்ன?

2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கலாமே தவிர, "பெரியப்பா, இது பொய்" என்று கம்பெனிக்காரனா வந்து சொல்வான்?

அப்படியானால் பெரியவர்களை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைப்பதா? வேண்டாம். அந்த மூத்த பெண்மணி இப்போது கையாளும் உபாயத்தைக் கேளுங்கள். தவறான செய்தி வந்தால் அனுப்பியவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இது எங்கேர்ந்து வந்துச்சு? தப்புன்னு பேப்பர்ல போட்டிருக்காங்களே. நீங்களே குரூப்புல ஒரு வார்த்தை போட்டுட்டா எல்லாரும் கேப்பாங்க" என்பாராம். மாமாவின் மரியாதையும் குறையவில்லை. முப்பது பேருக்கும் உண்மை தெரிந்துவிடுகிறது. நிச்சயமில்லாத விஷயமா? "விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று எழுதினால் போதும். அதில் பாவம் எதுவும் வந்து சேராது.

ஒருத்தி சொல்லி என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணாதீர்கள். 1950-களில் ஆஷ் என்ற அறிஞர் செய்த பரிசோதனையில், சுற்றியிருந்தவர்கள் கோட்டின் நீளத்தை வேண்டுமென்றே தவறாகச் சொன்னதால், கண்ணுக்கு எதிரே தெரிந்ததை மறுத்துப் பலர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும், அந்தத் தவறு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

அந்த ஒருவர் உங்கள் குழுவில் யார் என்று தேட வேண்டாம். இன்றிரவு ஒன்பது மணிக்கு "அவசரம்!" என்று வந்தால், அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு, மைத்துனரை ஒரு நிமிஷம் கூப்பிடுங்கள். தோசை காத்திருக்கும்.