சீனன்குடாவில் நின்ற ஹரிக்கேன்



நான் வசிக்கும் பிரித்தானியாவில் அறுபது வயதைத் தாண்டிய ஆண்களோடு கொஞ்ச நேரம் பேசினால், சிறுவயதில் ஒட்டிய பிளாஸ்டிக் விமானம் ஒன்று எப்படியும் பேச்சில் வந்துவிடும். 1953இல் எயார்ஃபிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சின்ன மாதிரியை வெளியிட்டது. வூல்வர்த்ஸ் கடைகளில் விலை இரண்டு ஷில்லிங். தகப்பன் போருக்குப் போய் வந்தவர். மகன் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, அந்தப் போரில் பறந்த விமானத்தை ஒட்டி, நூலில் கட்டி முகட்டில் தொங்கவிடுவான். அந்தப் பிள்ளைகள் இன்று பேரன் கண்டவர்கள். பலர் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் இங்கு வந்த பிறகு அவர்களிடம்தான் பழகினேன்.

ஒட்டுவது இப்போது பெரிய வேலை இல்லை. நல்ல கிட், அதாவது துண்டுகள் அடங்கிய பெட்டி, என்றால் துண்டுகள் தாமாகவே பொருந்தும். அதன் பிறகு வருவதுதான் வித்தை. புத்தம் புதிதாகப் பளபளக்கும் பிளாஸ்டிக்கை, வெயிலில் நின்ற, எண்ணெய் கசிந்த, மனிதர் ஏறி மிதித்த ஒரு இயந்திரமாக மாற்றவேண்டும். வெதரிங் என்பார்கள். நல்ல கைகாரர் செய்தால் அந்த விமானம் எந்த நாட்டில், எந்த மாதத்தில், எவ்வளவு காலம் நின்றது என்று பார்த்தே சொல்லலாம்.

நான் எடுத்துக்கொண்டது பிரித்தானியப் போர்விமானமான ஹோக்கர் ஹரிக்கேன். காரணம் ஊர்ப்பாசம்தான். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் இந்தோமிற்றபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இரண்டு ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஹரிக்கேன்கள் இலங்கைக்குப் பறந்து வந்தன: 30ஆம் ஸ்குவாட்ரன் இரத்மலானைக்கு, 261ஆம் ஸ்குவாட்ரன் திருகோணமலை சீனன்குடாவுக்கு. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல் நாளே லியனார்ட் பேர்ச்சால் என்ற கனேடிய விமானி கற்றலீனா விமானத்திலிருந்து அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தும், இரத்மலானை விமானங்கள் எதிரி தலைக்கு மேலே வரும்வரை தரையில்தான் நின்றன. ஏப்ரல் 9, வியாழக்கிழமை, திருகோணமலையின் முறை. இம்முறை ராடார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததால் 261இன் ஹரிக்கேன்கள் மேலே எழும்பிவிட்டிருந்தன. ஜப்பானிய விமானம் ஒன்று சீனன்குடா எண்ணெய்க் குதம் ஒன்றில் விழுந்து, குதம் நாட்கணக்கில் எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மூழ்கியது. அதில் இறந்தவர்கள் 307 பேர். அந்த ஏப்ரலில் சென்னையிலிருந்துகூடச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது.

என் மேசையில் நிற்பது அந்த வியாழக்கிழமை விடியலில் நின்றிருக்கக்கூடிய ஹரிக்கேன். உண்மையான விமானத்தின் சிறகு, நுனிக்கு நுனி 12.19 மீற்றர். 1:48 அளவில் அது 25.4 சென்ரிமீற்றர் ஆகிறது. ஒரு அடிக்கோலைவிடக் குறைவு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே விலகிவிடும். மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் பொட்டு, உண்மையில் கிட்டத்தட்ட ஐந்து சென்ரிமீற்றர் அகலமான காயம். சிறகில் பத்துப் பொட்டு வைத்தால், பத்து இடத்தில் அந்த அளவுக்கு வண்ணம் உரிந்த விமானம் அது. எந்த மெக்கானிக் அதை அப்படி விட்டிருப்பார்?

இன்னொன்று, ஹரிக்கேன் முழுக்க உலோகம் அல்ல. சிட்னி காம் வடிவமைத்து 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தில், மூக்குப் பக்கம் உலோகத் தகடு. விமானியின் இருக்கைக்குப் பின்னால் வால்வரை, குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சலாகைகள், அதன் மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. லண்டன் வருகிறவர்கள் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேனின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மெலிந்த மாட்டின் விலா எலும்பு தெரிவதுபோல், துணிக்கு அடியில் சலாகைகள் வரிவரியாகத் தெரியும். துணி தகரம் போல் உரியாது. வெயிலில் வெளிறும், எண்ணெய் ஊறிக் கறுக்கும், கிழிந்தால் வேறொரு துணித்துண்டை ஒட்டி மேலே வண்ணம் பூசுவார்கள். பின்னுடலிலும் உலோகம் பல்லிளிப்பதுபோல் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரிகள் போட்டிகளில் பரிசு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. செய்தவரின் கை நல்ல கை. ஆனால் அவர் அந்த விமானத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் செய்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறார்.

பச்சையும் மண்பழுப்பும் எயார்பிரஷால் அடித்தேன். ஒவ்வொன்றிலும் சில துளி வெள்ளை கலந்தேன். சிறிய பொருளில் அசல் வண்ணத்தை அப்படியே பூசினால் கண்ணுக்குக் கடும் இருளாகத் தெரியும். பிறகு மினுக்கு வார்னிஷ், டெக்கல்கள் எனும் ஒட்டுப்படங்கள், அதன் மேல் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தைத் தகட்டு இடுக்குகளில் ஓடவிட்டுத் துடைப்பது, கடைசியில் மினுக்கம் போக்கும் வார்னிஷ். இதெல்லாம் எல்லோரும் செய்வது.

நான் அதிக நேரம் செலவிட்டது மூன்று இடங்களில். முதலாவது, மேர்லின் எஞ்சினின் புகைக்குழாய்களுக்குப் பின்னால். ஈயம் கலந்த பெற்றோல் எரிந்த தடம் வெறும் கறுப்பு அல்ல. நடுவில் சாம்பல் நிறம் ஓடும், ஓரத்தில் கபிலம். பாஸ்டல் குச்சியைப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் காற்று போகும் திசையில் மட்டும் இழுத்தேன். இரண்டாவது, இடது சிறகு உடலோடு சேரும் இடம். விமானி அந்தப் பக்கத்தால்தான் ஏறுவார். மெக்கானிக்குகளும் அங்கேதான் கால் வைப்பார்கள். அங்கே மட்டும் வண்ணம் தேய்ந்து உலோகம் மங்கலாகத் தெரியும். பக்கத்தில் பெற்றோல் மூடியைச் சுற்றி, நிரப்பும்போது சிந்திய கறை. சக்கரங்களில் புழுதி. பங்குனி கடைசி, வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள்தான் இருக்கிறது. திருகோணமலையில் அப்போது சேறு ஏது? செம்பழுப்புப் புழுதிதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிறகின் முன்விளிம்பில் துப்பாக்கித் துளைகள் இருக்கின்றன. புழுதியும் ஈரமும் உள்ளே போகாமல் அவற்றின் மேல் சிவப்புத் துணித்துண்டுகளை ஒட்டி வைப்பார்கள். சுட்டால் துணி கிழியும், சிறகின் அடியில் கரிக்கோடு விழும். இறங்கி வந்ததும் ஒருவர் துப்பாக்கிகளைத் துடைத்து, குண்டு நிரப்பி, மறுபடியும் புதுத் துணி ஒட்டுவார். என் விமானம் அன்று இன்னும் மேலே போகவில்லை. அதனால் வெளிறிய சிறகில் அந்தத் துண்டுகள் மட்டும் புத்தம் புதுச் சிவப்பு. வீட்டுக்கு வந்த நண்பர்கள் அதைப் பார்த்து, இதை மட்டும் அழுக்காக்க மறந்துவிட்டாயா என்று கேட்டார்கள். மறக்கவில்லை. அந்தச் சிவப்பு, முதல் நாள் மாலையில் ஒருவர் அங்கே வேலை செய்துவிட்டுப் போனதற்கான அடையாளம்.

ஒரு மாதம் நின்ற விமானத்துக்கு ஒரு மாதத் தேய்மானம் போதும். இதுவே என் கட்சி. துருவும் கரியும் அள்ளிப் பூசினால் படத்தில் கம்பீரமாக இருக்கும்; ஆனால் அந்த விமானத்தைத் தினமும் துடைத்து, திருகாணி முடுக்கி, கிழிசல் தைத்துக் காலையில் பறக்கத் தயாராக வைத்தவர்களின் உழைப்பை அது இல்லையென்று ஆக்கிவிடுகிறது. விமானிகளின் பெயர்களைப் புத்தகங்களில் தேடிப்பிடிக்கலாம். தரையில் நின்றவர்களின் பெயர்கள் கிடைப்பது அரிது. சீனன்குடாத் தளத்தில் மண் வெட்டியவர்கள், பீப்பாய் உருட்டியவர்கள், சமைத்தவர்கள் நம்மவர்கள். அவர்களைப் பற்றி அந்தப் புத்தகங்களில் ஒரு வரிகூட நான் கண்டதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். திருகோணமலை, கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து வீடுகளில், 1942இல் விமானத் தளத்திலோ எண்ணெய்க் குதங்களிலோ வேலை செய்த தாத்தாவைப் பற்றி யாராவது பேசக் கேட்டிருப்பீர்கள். அவர் பெயரையும், செய்த வேலையையும், அந்த வியாழக்கிழமை எங்கே நின்றார் என்பதையும் இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.