பெயர் பொறித்த தலைமுறை: ஹிப்-ஹொப் கலாசாரத்தின் தோற்றமும் கூறுகளும்

ஒரு கலை எங்கே, எப்பொழுது பிறந்தது என்ற வினாவுக்கு நாளும் வீட்டிலக்கமும் கூறி விடையளிக்க முடிவது அரிது. ஹிப்-ஹொப் கலாசாரத்துக்கு அவ்வாறான பிறப்புப் பதிவொன்று உண்டு. 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியிலே, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்க மாடிக்கட்டடத்தின் பொது மண்டபத்தில் இளைஞர் ஒன்றுகூடல் ஒன்று நடைபெற்றது. புதிய பாடசாலை ஆண்டுக்கு உடை வாங்கப் பணந்தேடிய சிண்டி கம்பெல் என்ற மாணவி அதனை ஒழுங்குசெய்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவருடைய தமையன் கிளைவ். 1967இல் ஜமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த அவரே கூல் ஹேர்க் எனப் புகழ்பெற்றவர்.

எனினும், ஓர் இரவின் களியாட்டம் ஒரு கலாசாரத்தைப் படைத்துவிடுவதில்லை. அதனை வேண்டிநின்ற சமூகச் சூழலும் நோக்கப்படல் வேண்டும். 1948இல் தொடங்கி, ரொபேர்ட் மோசஸின் திட்டப்படி அமைக்கப்பட்ட நெடுஞ்சாலை பிரொங்ஸை ஊடறுத்துச் சென்றது, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். தொழிற்சாலைகள் அகன்றன, வசதிபடைத்தோர் புறநகர்களை நாடினர், கறுப்பின மக்களும் புவேர்ட்டோ றிக்கோ மக்களுமே பெரும்பாலும் எஞ்சினர். எழுபதுகளில் வீடுகள் எரியலாயின. காப்புறுதிப் பணத்துக்காக உரிமையாளரே தீ வைப்பித்த சம்பவங்களும் உண்டு. நகர நிர்வாகமோ சிக்கனத்தின் பெயரால் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970க்கும் 1980க்கும் இடையில் ஏழு குடிசன மதிப்பு வட்டாரங்கள் தம் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றைத் தீயினாலும் கைவிடப்பட்டமையாலும் இழந்தன. இத்தெருக்களில் வளர்ந்தோர் வெளியுலகுக்கு வெறும் புள்ளிவிபரங்களாகவே தோன்றினர். புள்ளிவிபரத்துக்குப் பெயர் இல்லை.

ஹிப்-ஹொப்பின் நான்கு கூறுகளையும் இப்பெயரின்மையோடு பொருத்தி நோக்கும்போதே அவற்றின் உட்பொருள் புலனாகின்றது.

அவற்றுள் சுவரெழுத்து காலத்தால் முந்தியது. அலுவலகத் தூதுவராக நகரெங்கும் திரிந்த ஓர் இளைஞர், தம் சுருக்கப் பெயரோடு தாம் வாழ்ந்த தெருவின் இலக்கத்தையும் சேர்த்து ‘டாக்கி 183’ எனச் சென்றவிடமெல்லாம் எழுதினார். 1971 யூலையில் நியூயோர்க் ரைம்ஸ் அவரைப் பற்றி எழுதியபின் அவரைப் பின்பற்றுவோர் பெருகினர். சிறு கையெழுத்தாகத் தொடங்கியது புகையிரதப் பெட்டி முழுவதையும் மூடும் வண்ண ஓவியமாக வளர்ந்தது. ஒரு மூலையிற் கிடந்தவனின் பெயர் நகர் முழுவதும் பயணஞ் செய்தது.

இசைத்தட்டுக் கலையே ஏனையவற்றின் அச்சாணி எனலாம். பாட்டு அடங்கி, தாளம் மட்டும் தனித்தொலிக்கும் சிறு பகுதிக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை ஹேர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் அதனைத் தொடக்கி, சில வினாடித் தாளத்தை நிமிடக்கணக்கில் நீடித்தார். பார்படோஸிற் பிறந்து, பாடசாலையில் மின்னியல் பயின்ற கிராண்ட்மாஸ்ரர் ஃபிளாஷ், தட்டிலே வண்ணக்கட்டியால் அடையாளமிட்டு இம்மாற்றத்தைப் பிசகற்ற நுட்பமாக்கினார். தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து உராய்வொலியையே இசையாக்கியவர் தியடோர் என்ற சிறுவர். பிறர் இசையைக் கேட்பதற்கென ஆக்கப்பட்ட கருவி இவர்களின் கையிலே புதிய வாத்தியமாயிற்று.

தாளத்தின் மேலெழுந்த பேச்சே ‘ராப்’. ஹேர்க்கின் நண்பர் கோக் லா றொக் ஒலிவாங்கியிற் செய்தது எளிமையானது: கூட்டத்தில் நின்ற நண்பர்களின் பெயர்களை உரக்கக் கூவினார். அக்கூவல் எதுகையும் சந்தமும் பெற்று நெடும் பாட்டாக விரிந்தது. தாளப்பகுதி ஒலிக்கும்போது களமிறங்கிய ‘பி-போய்’ ஆட்டக்காரரோ தம் பெயரை உடலால் எழுதினர். 1971 டிசெம்பரில், சமாதானத் தூதுவராகச் சென்ற இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்துத் தெருக்குழுக்கள் கூடிச் சமாதானம் பேசியிருந்தன. குழுப்பகை தணிந்த அச்சூழலில், கத்திக்குப் பதிலாக ஆட்டமும் பாட்டும் போட்டிக்குரிய ஆயுதங்களாயின. குழுவொன்றின் தலைவருள் ஒருவராயிருந்த ஆபிரிக்கா பம்பாட்டா இக்கலைகளை ஒரே குடையின்கீழ்க் கொணர்ந்தார்.

ஆனால், பெயருக்காகப் பிறந்த கலை சந்தையை அடைந்தபோது நிகழ்ந்தது யாது? 1979இல் வெளிவந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற இசைத்தட்டே இக்கலையை உலகறியச் செய்தது. அதனைப் பாடிய மூவரும் பிரொங்ஸ் களங்களில் வளர்ந்த கலைஞர் அல்லர். நியூ ஜேர்சியில் ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று திரட்டிய குழுவினர். அவர்களுள் ஒருவர் பாடிய வரிகள் பிரொங்ஸ் கலைஞரான கிராண்ட்மாஸ்ரர் காஸுடையவை. காஸ் தம் புனைபெயரை எழுத்துக்கூட்டிக் கூறும் இடங்கூட மாற்றப்படாமலே பதிவாகியது. அவர் பெயர் பாட்டினுள் ஒலித்தது; தட்டின் மேல் அச்சாகவில்லை. சுவரையும் ஆட்டத்தையும் எளிதில் விற்க முடியாத சந்தை, நான்கு கூறுகளில் பேச்சை மட்டும் பிரித்தெடுத்துப் பண்டமாக்கியது.

ஆயினும், கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2007இல் செட்ஜ்விக் அவெனியூக் கட்டடத்தின் உரிமையாளர், குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து அதனை விலக்க முற்பட்டனர். குடியிருப்போர், ‘ஹிப்-ஹொப் பிறந்த வீடு இது’ என்ற உண்மையையே கேடயமாக ஏந்திப் போராடினர், ஹேர்க்கும் உடன்நின்றார். அடுத்த ஆண்டு கட்டடம் முதலீட்டாளரிடம் கைமாறியபோதும் போராட்டம் ஓயவில்லை. சில ஆண்டுகளின் பின் நகர நிர்வாகத்தின் துணையுடன் அது மீட்கப்பட்டது.

2023இல் அமெரிக்க ‘றொக் அன்ட் றோல்’ புகழ்மண்டபம் ஹேர்க்கின் பெயரை ஏற்றுக்கொண்டது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவ்வாட்டமும் இடம்பெற்றது. இவை பெருமைக்குரியனவே. ஆயினும், பெயரற்றோர் படைத்த பெயரொன்று, எரிந்த நகரிலே சில குடும்பங்களின் கூரையைக் காத்து நின்றதே, அக்கலைக்குக் கிடைத்த பொருத்தமான கைம்மாறு எனலாம்.