கலையை எங்களிடம் திருப்பித் தந்தவருக்கு

மதிப்பிற்குரிய ஜான் டூயி அவர்களுக்கு,

எங்கள் நாட்டில் பலருக்கு நீங்கள் அண்ணல் அம்பேத்கரின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர். பி.எட். படித்தவர்களுக்குச் 'செய்து கற்றல்' என்றதும் உங்கள் பெயர் நினைவுக்கு வரும். நான் நன்றி சொல்வது, 1934இல் வெளிவந்த உங்கள் 'கலை எனும் அனுபவம்' நூலுக்காக. 1931இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, ஹார்வர்டில் நீங்கள் ஆற்றிய சொற்பொழிவுகளின் விளைச்சல் அது.

அழகை ரசிக்கும்போது ஆசையோ பயன் கருதும் நோக்கமோ குறுக்கிடக் கூடாது என்று 1790இல் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் எழுதினார். ஓவியத்தை ரசிக்கக் கோடும் நிறமும் கூடி அமையும் வடிவமே போதும், வாழ்க்கையிலிருந்து எதையும் சுமந்து வரவேண்டாம் என்று 1914இல் ஆங்கிலேயக் கலை விமர்சகர் கிளைவ் பெல் எழுதினார். இரண்டும் ஆழமான சிந்தனைகள். ஆனால், அந்தப் பாதையில் போகப்போகக் கலை, விவரம் தெரிந்த சிலரின் உடைமையாகிவிட்டது.

நீங்கள் தெருவிலிருந்து தொடங்கினீர்கள். விரையும் தீயணைப்பு வண்டி, பந்தாட்டக்காரரின் லாவகம், செடிகளைப் பேணும் பெண்ணின் ஈடுபாடு, கணப்பில் விறகைக் கிளறியபடி தீயையே பார்த்திருப்பவர். கலையின் வேரை இங்கே தேடச் சொன்னீர்கள். ஏதென்ஸ் மக்கள் பார்த்தினான் கோயிலைக் கட்டியது தங்கள் நகரத்தின் வழிபாட்டுக்காக என்று நினைவூட்டினீர்கள். தேசப் பெருமிதமும், நெப்போலியன் போன்றோர் அள்ளி வந்த கொள்ளைப் பொருள்களும், புதுப்பணக்காரர்களின் சேகரிப்பு மோகமும் கலையை எப்படிப் பீடத்தில் ஏற்றிப் பூட்டின என்று துணிந்து சொன்னீர்கள். கலையைப் பற்றிப் பேச நமக்கென்ன தகுதி என்று ஒதுங்கி நின்ற என் போன்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் பெரும் விடுதலை.

அதற்காக நீங்கள் அளவுகோலைத் தாழ்த்தவில்லை. கோபத்தில் கத்துவது கலையாகாது. உணர்ச்சி, கல்லோடோ சொல்லோடோ நிறத்தோடோ மல்லுக்கட்டி உருப்பெற வேண்டும் என்றீர்கள். பார்ப்பவருக்கும் வேலை வைத்தீர்கள். சுவரில் தொங்கும் படம் வெறும் பொருள்தான். படைத்தவர் தேர்ந்து, விலக்கி, இணைத்த வழியில் பார்ப்பவரும் தன் மனத்துக்குள் உழைக்கும்போதே அது கலையாகிறது. இப்போது ஒரு படத்தின் முன் நின்றால், 'இது பெரிய ஓவியமா?' என்று நான் கேட்பதில்லை. எங்கே கண் நிற்கிறது, ஏன் நிற்கிறது, அடுத்து எங்கே நகர்கிறது என்று கவனிக்கிறேன். பார்க்கக் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி.

உங்கள் சிந்தனை ஏட்டோடு நிற்கவில்லை. பெருமந்தக் காலத்தில், 1935இல் அமெரிக்க அரசு தொடங்கிய கலைத் திட்டத்தை நடத்திய ஹோல்ஜர் கேஹில் உங்கள் கருத்துகளால் உந்தப்பட்டவர். வேலையிழந்த ஓவியர்களுக்கு அத்திட்டம் ஊதியம் கொடுத்தது; பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சுவரோவியங்கள் எழுந்தன; சிற்றூர்களிலும் கலை மையங்கள் திறந்தன.

அதற்கு வெகுமுன்பே, 1896இல் சிகாகோவில் நீங்கள் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் நெய்தார்கள், சமைத்தார்கள், மரவேலை செய்தார்கள். இங்கோ தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான். இம்மடலைப் படிக்கும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஒரு பாடவேளையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள். கலை அவர்களுக்கும் உரியது.

உங்கள் வாசகர்